துப்பாக்கியை நிரப்பிய கை

ஒன்டொனாகன், மிச்சிகன்
டிசம்பர் 18, 2008

தம்பி ரெய்னோவுக்கு,

எனக்கு அநியாயம் செய்துவிட்டீர்கள். நலம் விசாரிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு வெர்னர் வீட்டுச் சமையலறையில் நம் வேட்டைக் குடிலின் ஆட்கள் கூடினார்கள். என்னைப் பற்றித்தான் பேச்சு: ஆர்மாஸுக்குக் கண் போய்விட்டது, ஒரே தோட்டாவில் இரண்டு முறை வெடிமருந்து கொட்டிவிட்டான், அதனால்தான் துப்பாக்கி வெடித்தது, இனி அவன் அடைத்த தோட்டாவை யாரும் தொடக்கூடாது, வேட்டைப் பருவத்தில் அவன் குடிலுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். நான்கு கைகள் உயர்ந்தன. ஐந்தாவது கை உன்னுடையது, தொலைபேசி வழியாக. அரிசோனாவிலிருந்து அவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது உன் கை.

உன் மகன் டேல் என் தோளைத் தட்டி, "பெரியப்பா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். இந்தத் தடவ விரலோட போச்சு. அடுத்த தடவ யாரு தல போகும்?" என்றான். வெர்னருக்குச் சிரிப்பு வேறு. "பாத்திரம் கழுவ வாய்யா ஆர்மாஸ், அத யாரு வேணாங்கிறா?" என்றான். நான் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

முப்பது வருடமாக அந்தக் குடிலில் சுடப்பட்ட ஒவ்வொரு தோட்டாவும் என் பட்டறையில் அடைத்தது. ஊரார் பார்க்க நாம் கம்பத்தில் தொங்கவிட்ட ஒவ்வொரு மானும் என் தட்டை மூக்குக் குண்டு பட்டு விழுந்தது. அதையெல்லாம் ஐந்து கை சேர்ந்து அழித்துவிட்டது.

போன மாதம் நாம் குறி பார்க்கும் மணல் குழியில் நடந்தது உனக்குத் தெரியும். நீதான் என் பக்கத்தில் நின்றாய். பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாள், குறி பார்க்கும் சுற்று. வழக்கம்போல நான் முதுகைத் திருப்பி நின்றேன். வழக்கம்போல என் கூட்டாளியாக நீ என் துப்பாக்கியை நிரப்பினாய். தோட்டாக்களுக்கு நடுவே, ஏற்கெனவே சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டா ஒன்றைச் செருகினாயா இல்லையா என்று எனக்குத் தெரியக்கூடாது, அதுதானே விளையாட்டு. விசையை இழுத்து வெற்றுத் தோட்டாவில் சுத்தியல் விழும்போது எவன் துப்பாக்கி மூக்கு ஆடுகிறதோ அவன் பயந்தவன், பருவம் முழுக்கப் பாத்திரம் அவனுக்கு. அப்பா காலத்திலிருந்து ஒருநாளும் என் துப்பாக்கி ஆடியதில்லை. அன்றும் முதல் குண்டு தகரத் தட்டின் நடுவில் பட்டது. அந்த நொடியே, குழலுக்கு அடியில் நான் பிடித்திருந்த முன்கட்டை என் இடது கையில் வெடித்தது.

எனக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வேண்டும். அதை டேலுக்கு எழுது. "அண்ணனுடைய பெட்டியிலிருந்துதான் எடுத்தேன், ஒவ்வொரு தோட்டாவையும் கண்ணால் பார்த்துப் போட்டேன், எல்லாம் நன்றாகவே இருந்தன" என்று. நிரப்பியவன் நீ. நீ சொன்னால் நம்புவார்கள்.

கை ஆறி வருகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. பாக்கி மூன்றை வைத்துக்கொண்டு பனி தள்ளுகிறேன். உன் வீட்டுக்காரி லொரெய்னின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தொலைபேசியில் கூப்பிடாதே, சுரங்கத்தில் போன காது திரும்பி வராது. எழுது.

நம் சபை வழக்கப்படி தேவ சமாதானம் என்று முடிக்க இன்றைக்கு மனம் வரவில்லை.

உன் அண்ணன்,
ஆர்மாஸ்


மேசா, அரிசோனா
ஜனவரி 11, 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவ சமாதானம். நாங்கள் இருவரும் நலம். இங்கே பகலில் வெறும் சட்டையோடு வெளியே உட்கார முடிகிறது. பக்கத்து வீட்டு மரத்துப் பழங்களை ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததா? குளிரில் உறைந்திருந்தால் சாறு பிழிந்து குடியுங்கள்.

உங்கள் கையை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. காயத்தை ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூரைப் பனியைத் தள்ள டேலைக் கூப்பிடுங்கள், வீம்பு வேண்டாம்.

அண்ணா, நமக்கு வயதாகிவிட்டது. நீங்கள் ஒருமுறை கண் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. எல்லோரும் ஒரு பக்கம் இருக்கும்போது நான் மட்டும் கையைத் தூக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றுதான் தூக்கினேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. உடைந்த துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பார்க்கப் பார்க்க மனம்தான் கெடும். டேலிடம் கொடுத்தால் ஏரியில் பனி உருகியதும் ஆழத்தில் போட்டுவிடுவான். நான் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

லொரெய்னுக்கு அடுத்த மாதம் இடுப்பு அறுவைச் சிகிச்சை. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
ரெய்னோ


ஒன்டொனாகன்
ஜனவரி 26, 2009

தம்பி ரெய்னோவுக்கு,

பழம் வந்தது. பாதி உறைந்திருந்தது, பாதி இனித்தது. லொரெய்னிடம் என் நன்றியைச் சொல். அவளுக்காக ஜெபிக்கிறேன், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீ சொன்னபடி கண் டாக்டரிடம் போனேன். அட்டையின் கடைசி வரி வரைக்கும் படித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எழுபத்தஞ்சு வயசுல இப்படி ஒரு கண்ணா? தினம் என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். "கோபம்" என்றேன்.

துப்பாக்கி ஏரிக்குப் போகாது. என் சமையலறை மேசைமேல் கிடக்கிறது. டேல் வந்து கேட்டான். "உன் அப்பன் ஏரியில குதிச்சா பின்னாலயே அனுப்புறேன்"னு சொல்லித் திருப்பிவிட்டேன்.

தினமும் அதைப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க மனம் கெடவில்லை, தெளிகிறது. மருந்து இரண்டு மடங்கு விழுந்திருந்தால் வெடிக்க வேண்டிய இடம் பின்புறம், தோட்டா சுடப்படும் அறை. அது அப்படியே இருக்கிறது. அதைத் திறக்கும் லீவரை இழுத்தால் இன்றும் வெண்ணெய் மாதிரி திறக்கிறது. சுடும் குழல் நூல் பிடித்தாற்போல நேராக இருக்கிறது. கிழிந்திருப்பது அதற்கு அடியில் ஓடும் தகரக் குழாய், தோட்டாக்கள் வரிசையில் காத்திருக்கும் இடம். சுடப்படாமல் காத்திருந்த தோட்டாதான் வெடித்திருக்கிறது.

காத்திருந்த தோட்டா எதனால் வெடிக்கும்? பத்து வயதில் நமக்கு அப்பா சொல்லிக்கொடுத்ததுதான். அந்தக் குழாயில் ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் அடியில், அடி பட்டால் மருந்தைப் பற்றவைக்கும் பொறிமூடியின்மேல் சரியாக முட்டிக்கொண்டு நிற்கும். மூக்கு தட்டையாக இருந்தால் ஒன்றும் ஆகாது. கூராக, கெட்டியாக இருந்தால், முதல் குண்டு சுடும்போது துப்பாக்கி உதைக்கிற உதையில் அந்த மூக்கு ஆணி மாதிரி இறங்கும். அதற்காகத்தான் லீவர் துப்பாக்கிக்குத் தட்டை மூக்கு. என் பெட்டியில் இருந்தவை அத்தனையும் தட்டை மூக்கு. நீயே பார்த்தாய்.

நான் கேட்ட ஒரு வரி உன் கடிதத்தில் இல்லை. மறந்திருப்பாய். மறுபடி கேட்கிறேன்.

குளிருக்கு ஓர் அளவே இல்லை. சவுனாவில், அந்த நீராவிக் குளியல் அறையில் மட்டும்தான் கைக்கு உயிர் வருகிறது. நீங்கள் வெயிலில் நன்றாக இருங்கள்.

ஆர்மாஸ்


மேசா
மார்ச் 3, 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். லொரெய்னுக்கு அறுவை முடிந்தது, கோலூன்றி நடக்கிறாள். சமையல் என் தலையில். நான் போடும் காபியைக் குடித்துவிட்டு, ஆஸ்பத்திரியே பரவாயில்லை என்கிறாள்.

உங்கள் கை எப்படி இருக்கிறது? வலி இருக்கிறதா? உள்ளங்கையை நன்றாக மடக்க முடிகிறதா? எழுதுங்கள்.

துப்பாக்கி விஷயம். அது அறுபது வருடத்துப் பழைய துப்பாக்கி. குழாய் உள்ளுக்குள் துருப்பிடித்து மெலிந்திருக்கும். அன்று குளிர் வேறு. எந்தத் தோட்டா எப்படி இருந்தது என்று இப்போது யார் சொல்ல முடியும்? எல்லாம் பனியில் சிதறிப்போயிற்று. சாயங்காலம் நான்தான் குனிந்து பொறுக்கினேன், ஒன்றும் முழுசாகக் கிடைக்கவில்லை. ஆராய்ந்து என்ன ஆகப் போகிறது, அண்ணா? ஒருவர்மேலும் குற்றமில்லை என்று விட்டுவிடலாம்.

இங்கே பூக்கள் வந்துவிட்டன. அடுத்த குளிர்காலம் நீங்கள் இங்கே வந்துவிடுங்கள், ஓர் அறை சும்மாதான் இருக்கிறது.

உங்கள் நலமே நாடும்,
ரெய்னோ


ஒன்டொனாகன்
மார்ச் 22, 2009

தம்பி ரெய்னோவுக்கு,

லொரெய்ன் நடப்பது சந்தோஷம். உன் காபியைப் பற்றி அவள் சொன்னது உண்மை.

என் துப்பாக்கியில் துரு என்று எழுதியிருக்கிறாய். அப்பாவைக் குளிப்பாட்டியதைவிட அதிக முறை அந்தக் குழாயைத் துடைத்திருக்கிறேன். என் கண்ணைச் சொன்னாய், பொறுத்தேன். துருவைச் சொல்லாதே.

'ஒருவர்மேலும் குற்றமில்லை' என்று எழுதுகிறாயே, குடிலுக்கு வெளியே நிற்பவன் ஒருவன்தான். குற்றமில்லாத ஐந்து பேரும் உள்ளே இருக்கிறீர்கள்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மணல் குழிக்கு முந்தைய நாள், நவம்பர் பதின்மூன்றாம் தேதி, குடிலில் இரவுச் சாப்பாட்டின்போது நமக்குள் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? இறைச்சி அடைத்த பாஸ்டியைக் கடித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினாய். கூரான மூக்கு, சிவப்பு நிறம்.

"இது என்னடா, உதட்டுச் சாயம் பூசிக்கிட்டு வந்திருக்கு?" என்றேன்.

"ரப்பர் மூக்குண்ணே. கூரா இருந்தாலும் குழாய்க்குள்ள வெடிக்காது. உங்க தட்ட மூக்கையெல்லாம் இனிமே மியூசியத்துல வெக்கலாம். இருநூறு கஜத்துல அதுங்க செங்கல்லு மாதிரி விழுது."

"இந்தச் சதுப்புல இருநூறு கஜம் எங்கடா இருக்கு? அறுபது கஜத்துக்கு அங்கிட்டு ஒரு மான நீ பாத்திருக்கியா?"

"நீங்க பாத்ததில்லண்ணே. கண்ணுக்கு எட்டணும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். என் கண்ணைப் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்கியது.

சரி, யார் சொன்னது சரி என்று பார்த்துவிட முடிவு செய்தேன். ஊர்க் கடையில் அந்தப் புது ரப்பர் மூக்குத் தோட்டா ஒரு பெட்டி வாங்கினேன். வெர்னரிடம் அவனுடைய லீவர் துப்பாக்கியை இரவல் கேட்டேன், குற்ற உணர்ச்சியில் கொடுத்துவிட்டான். உறைந்த ஏரிமேல் பலகை நட்டேன். நூறு கஜத்தில் இரண்டு வகையும் ஒரே துளையில் விழுமாறு குறி வைத்துவிட்டு, இருநூறுக்குப் போய்ச் சுட்டேன். உன் புது மூக்கு என்னுடையதைவிட மூன்று அங்குலம் மேலே அடித்தது. காற்றுக்கும் குறைவாகவே நகர்ந்தது. அடுத்து ஊறவைத்த செய்தித்தாள் கட்டுகளைச் சுட்டேன். புதியது சீக்கிரம் விரிகிறது, அகலமாகக் கிழிக்கிறது, சதையில் வேகமாகக் கொல்லும். என் தட்டை மூக்கு நான்கு விரற்கடை அதிகமாக உள்ளே போகிறது, எலும்பில் உடையாது. பெரிய மானின் தோள் என்றால் என்னுடையது. திறந்த வெளியில் தூரத்து மான் என்றால் உன்னுடையது. நீ சொன்னதில் பாதி சரி. நான் பொய் எழுத மாட்டேன்.

ஆனால் இன்னொன்றும் செய்தேன். ரப்பர் மூக்கைக் குழாய் நிறைய அடைத்துச் சுட்டேன். ஒரு தடவை இல்லை, பெட்டி தீரும் வரை. ஒன்றும் வெடிக்கவில்லை. மூக்கை விரல் நகத்தால் அழுத்தினால் குழிந்து, எடுத்ததும் எழும்புகிறது. அது ஆணியாகாது.

என்னுடையதும் வெடிக்காது, இதுவும் வெடிக்காது. அப்படியென்றால் அன்று என் துப்பாக்கிக்குள் இருந்தது என்ன?

யோசித்து எழுது. நீ அன்று மேசையில் நிறுத்தியது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது? பெட்டி பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை போலத்தான் நினைவு.

லொரெய்ன் படியில் இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்.

ஆர்மாஸ்


மேசா
ஏப்ரல் 30, 2009

மரியாதைக்குரிய பெரியவருக்கு லொரெய்ன் எழுதிக்கொள்வது.

நீங்கள் நலமென்று நம்புகிறேன். என் இடுப்பு தேறிவிட்டது. கடைத்தெரு வரை நடக்கிறேன். உங்கள் தம்பிதான் தேறவில்லை.

அவர் பதில் எழுதுவார் என்று காத்திருந்தேன். மேசையில் உட்கார்கிறார், உங்கள் பெயரை எழுதுகிறார், எழுந்துபோய் வண்டியைத் துடைக்கிறார். துடைத்த வண்டியையே துடைக்கிறார். சரியாகத் தூங்குவதில்லை. போன வாரம் தன் துப்பாக்கியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். "ஏன் குடுத்தீங்க, நவம்பர்ல ஊருக்குப் போகணுமே?"ன்னு கேட்டேன். "அங்க குளிரும்"னார். எழுபது வருஷமா அவருக்கு அது தெரியாதா?

இன்னொரு விசித்திரம். போன இலையுதிர் காலத்தில் இங்கே துப்பாக்கிச் சந்தையில் ஒருவன், வீட்டில் அடைத்த தோட்டாக்களைப் பையில் போட்டு விற்றானாம். அவனைத் தேடி இந்த வருடம் இரண்டு சந்தைக்குப் போய்விட்டார். அந்த ஆள் இப்போது அங்கே மேசை போட்டு விற்பதில்லையாம். கிடைக்காமல் திரும்பி வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் அதிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஆளிடம் அவருக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் கேட்டால் சொல்வார். உங்களுக்குத்தான் அவர் பயப்படுவார்.

கோபமாக எழுதாதீர்கள், பெரியவரே. உங்கள் கடிதம் வந்த நாளில் அவர் சாப்பிடுவதில்லை.

அன்போடும் கவலையோடும்,
லொரெய்ன்


ஒன்டொனாகன்
ஜூன் 14, 2009

தம்பி ரெய்னோவுக்கு,

லொரெய்ன் எழுதியது வந்தது. நீ சாப்பிடு. நான் கோபமாக எழுதவில்லை. கொசுவும் கருப்பு ஈயும் கடித்துக்கொண்டிருக்கும்போது கோபத்துக்கு இடமில்லை.

என் உள்ளங்கையைப் பற்றி நீ கேட்டிருந்தாய். இதுவரை சரியாக மடங்காமலே இருந்தது. கட்டை விரலுக்குக் கீழே ஒரு புடைப்பு, தொட்டால் குத்தும். போன சனிக்கிழமை சவுனாவில் நன்றாகச் சூடேறி உட்கார்ந்திருந்தபோது அது தானாகப் பழுத்து உடைந்தது. உள்ளேயிருந்து ஒரு துணுக்கு வந்தது. ஈயமில்லை. தகரமில்லை. என் முன்கட்டையின் மரமும் இல்லை. தண்ணீரில் கழுவினேன்.

சிவப்பு.

நகத்தால் அழுத்தினேன், குழியவில்லை. பல்லால் கடித்தேன், பல்தான் கூசியது. கடையில் வாங்கிய ரப்பர் மூக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறம் ஒன்றுதான். இது கெட்டிப் பிளாஸ்டிக். நீண்ட தூரத் துப்பாக்கிகளுக்கு, தோட்டா ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி உள்ளவற்றுக்கு, இப்படிக் கெட்டி மூக்குக் குண்டு செய்கிறார்கள். அதை எவனோ நம் லீவர் துப்பாக்கித் தோட்டாவில் பொருத்தி அடைத்திருக்கிறான். இரண்டுக்கும் வித்தியாசம் நகத்துக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. நல்ல கண்ணுக்கும் தெரியாது.

அதைத் தீப்பெட்டிக்குள் பஞ்சில் வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டவில்லை.

இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை. நீயாகச் சொல்வதற்காகக் காத்திருக்கிறேன்.

கை இப்போது நன்றாக மடங்குகிறது.

ஆர்மாஸ்


மேசா
ஆகஸ்ட் 30, 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு மாதம் ஓடிவிட்டது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும், அதுதான் முதல்.

ஊர்த் துப்பாக்கிக் கடைக்கு உங்கள் பெயரில் ஒரு புது லீவர் துப்பாக்கி வரும். நல்ல வால்நட் மரக் கட்டை. போய்க் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள்.

ஒருவன் தெரியாமல் செய்த பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் அந்த ஆள் "எல்லாம் ஒண்ணுதான் சார், சிவப்பு மூக்குன்னா சிவப்பு மூக்குதான்" என்று சொல்லியிருப்பான். வாங்கியவன் நம்பியிருப்பான். வெற்றுத் தோட்டாவுக்குப் பதிலாக, அண்ணனுக்குச் சொல்லாமல் அதில் ஐந்தாறைப் போட்டு, தட்டின் நடுவில் விழுந்ததும் "பாத்தீங்களா, இப்ப சுட்டது யாரோட தோட்டா?" என்று கேட்டுச் சிரிக்கலாம் என்று நினைத்திருப்பான். அவ்வளவுதான் அவன் நினைத்தது. கர்த்தர் சாட்சி.

அதற்கப்புறம் எங்கும் ரத்தம். டேல்தான் முதலில், "பெரியப்பா மருந்த ரெண்டு தடவ கொட்டிட்டாரு" என்றான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அந்த நொடியில் சொல்லாதது மறுநாள் சொல்ல முடியாததாகிவிட்டது. மாதம் ஆக ஆக இன்னும் பெரிதாகிவிட்டது.

அண்ணா, என் மகன் என்னை மதிக்கிற இடம் உலகத்தில் அந்தக் குடில் ஒன்றுதான். இரண்டு கிழவர்களில் ஒருவர் பெயர் எப்படியும் கெட்டுவிட்டது. இரண்டாவது பெயரையும் எதற்குக் கெடுக்க வேண்டும்? நீங்கள் தாங்குவீர்கள். எப்போதும் தாங்கியவர் நீங்கள்தான். என்னால் முடியாது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

உங்கள் தம்பியாக இருக்கத் தகுதியில்லாத,
ரெய்னோ


ஒன்டொனாகன், ஏரிக்கரைச் சாலை
அக்டோபர் 4, 2009

பெரியப்பாவுக்கு டேல் எழுதுவது.

நலமா? உங்களுக்குப் போன் செய்தால் கேட்காது, நேரில் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் மூன்று மைல் தூரத்துக்குத் தபால் தலை ஒட்ட வேண்டியிருக்கிறது.

குடில் விஷயம். நவம்பர் பதினான்காம் தேதி குறி பார்க்கும் சுற்றுக்கு முன்னால் எல்லோரும் மறுபடி ஒருமுறை கை தூக்கி, போன வருட முடிவை நிரந்தரமாக்கப் போகிறோம். உங்கள் கட்டிலை என் மச்சினனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. உங்களிடம் சொல்லாமல் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் அப்பாவுக்கு மனம் நோகும்படி எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னார். போதும் பெரியப்பா. அவர் இந்த வருடம் வரவில்லை என்கிறார். வராமல் போனால் அது உங்களால்தான் என்று எனக்கு வருத்தம் இருக்கும்.

நீங்கள் அடைத்த பழைய தோட்டாப் பெட்டிகள் விறகுக் கொட்டகையில் இருக்கின்றன. எடுத்துப் போங்கள். எண்ணிக்கை குறைந்தால் எங்களைத் திட்டாதீர்கள், வெர்னர் மாமா இரண்டு பெட்டியை யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டார். கேட்டதற்கு, "அவன் பைத்தியம்தான், ஆனா அவன் தோட்டா குறி தப்பாதுடா" என்றார்.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வாருங்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அன்புடன்,
டேல்


ஒன்டொனாகன்
அக்டோபர் 17, 2009

ரெய்னோ,

புதுத் துப்பாக்கியைக் கடைக்காரனிடமே விட்டுவிட்டேன், கையெழுத்திடவில்லை. அது உனக்குத் திரும்பி வரும். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை, காட்டவும் மாட்டேன். அதை வைத்து நான் ஜெயித்தால் அது காகிதத்தின் வெற்றி. எனக்கு உன் வாய் வேண்டும்.

நீ தோட்டாவை மாற்றியதற்கு எனக்குக் கோபமில்லை. விளையாட்டு. அந்த இடத்தில் நானும் அப்படி ஒரு குறும்பு செய்திருப்பேன், ஆனால் நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுச் செய்திருப்பேன். இரண்டு விரலையும் உனக்கு விட்டுக்கொடுத்தேன் என்று வைத்துக்கொள். ஆனால் பதினொரு மாதம் நீ உண்மையை மறைத்துவைத்து, என் கண்ணையும், என் துப்பாக்கியையும், என் வயதையும் குறை சொல்லி எழுதினாய். எழுதும்போது ஒவ்வொரு முறையும் உனக்குத் தெரியும். 'நீங்கள் தாங்குவீர்கள்' என்கிறாய். தாங்குகிறவன்மேல்தான் ஏற்ற வேண்டும் என்று எந்தக் கழுதைக்காரன் உனக்குச் சொல்லிக்கொடுத்தான்?

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இதில் பேரம் இல்லை.

டேல் செய்ய வேண்டியது: பதினான்காம் தேதி மணல் குழியில் எல்லோரையும் நிறுத்த வேண்டும். நீ பேசி முடிக்கும்வரை யாரும் கை தூக்கக்கூடாது. என் கட்டிலில் அவன் மச்சினன் பெட்டியை வைத்திருந்தால் அன்று காலையிலேயே அதைத் தூக்கிவிட வேண்டும். இதை நான் அவனுக்குத் தனியாக எழுதிவிட்டேன், காரணம் எழுதவில்லை. தபால் தலை செலவு எனக்கும் உண்டு.

வெர்னர் செய்ய வேண்டியது: ஒளித்து வைத்த இரண்டு பெட்டியையும் எல்லோர் முன்னாலும் வெளியே எடுத்துச் சுட வேண்டும். மறைவில் நம்புகிறவனின் நம்பிக்கை எனக்கு வேண்டாம்.

லொரெய்ன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: உன்னை விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். அவளிடம் நீயே சொல். அவள் உன்னை வெறுக்க மாட்டாள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் மெலிகிறாள்.

நான் செய்ய வேண்டியது: என் பழைய துப்பாக்கிக்குப் புதுக் குழாய் போட்டாயிற்று. முன்கட்டை நானே செதுக்கினேன், மூன்று விரலுக்கு ஏற்றபடி. அதையும் என் தட்டை மூக்குத் தோட்டாக்களையும் கொண்டுவருவேன். தீப்பெட்டியும் சட்டைப் பையில் இருக்கும். அதைத் திறக்க மாட்டேன். நீ வாயைத் திறந்தால் அதற்கு வேலை இல்லை. திறக்காவிட்டாலும், அது என் பையிலேயே இருக்கும், நீ பார்த்துக்கொண்டு நிற்பாய்.

நீ செய்ய வேண்டியது: வர வேண்டும். 'ஒருவன்' என்று சொல்லாமல் 'நான்' என்று சொல்ல வேண்டும். உன் மகனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், மணலைப் பார்த்து அல்ல. சொல்லி முடித்ததும் என் துப்பாக்கியை வாங்கி, போன வருடம்போலவே நீதான் நிரப்ப வேண்டும். வேறு எவன் கையிலும் கொடுக்க மாட்டேன். வெற்றுத் தோட்டாவை எங்கே செருகுவது என்பது உன் இஷ்டம். நான் முதுகைத் திருப்பி நிற்பேன்.

பிறகு சுடுவேன். என் துப்பாக்கி மூக்கு ஆடினால் இந்தப் பருவம் முழுக்கப் பாத்திரம் நான் கழுவுகிறேன். ஆடாவிட்டால், போன நவம்பரிலிருந்து சேர்ந்துகிடக்கும் பாத்திரம் அத்தனையும் நீ கழுவு.

ஆர்மாஸ்